நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு



மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். தமிழ்ப் பாடத்தில் இவை வெவ்வேறு நிலங்கள். ஆனால், கடலில் துடுப்பு வலித்துச் சென்று, கரையேறி, அங்கிருந்தே மலையுச்சிக்கு நடந்து செல்லும் பயணம் ஒன்று உண்டு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அலையோசை கேட்டு வளரும் நாம் அதனை அறிந்துகொள்வது நன்று.

மலைக்குப் போகப் படகு எதற்கு? ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் நாய்டார்ட் என்னும் தீபகற்பம் உள்ளது. அங்குள்ள இன்வெரி என்ற சிற்றூருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. படகில் செல்லவேண்டும், இல்லையேல் மலைகளைக் கடந்து நெடுந்தூரம் நடக்கவேண்டும். பண்டைய பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் கடல் புகுந்ததால், அங்கே மலையடிவாரம் வரை படகு செல்லும்.

இதற்கு ஏற்றது கயாக் என்னும் குறுகிய, நீண்ட படகு. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் மரச் சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்தி இதனைச் செய்தனர். மேல்தளம் மூடியிருக்கும், துடுப்புக்கு இரு முனையிலும் அலகு உண்டு. கூடாரம், உணவு, மலையேறும் காலணி யாவும் உள்ளே அடங்கும். பாரமானவற்றை அடியில், நடுப்பகுதியில் வைத்தால் படகு எளிதில் கவிழாது.

மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்தே கணக்கிடுகிறோம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் உதகையே ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து ஏறுபவர் ஏறுவது சுமார் 400 மீட்டர்தான். நாய்டார்டின் லார்வென் சிகரம் 1,020 மீட்டரே. எனினும் கடலிலிருந்து ஏறுபவர் அந்த 1,020 மீட்டரையும் தம் கால்களாலேயே ஏறவேண்டும்!

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பானது உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி அந்தமான் செல்லலாம். அங்கே வட அந்தமானில் திக்லிப்பூர் அருகே, 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரத்துக்குச் செல்லும் பாதை முதலில் கடற்கரையோரமாகவே போகிறது. ஆஸ்திரேலியரான டிம் மெக்கார்ட்னி ஸ்நேப், நம் வங்காள விரிகுடாவின் கரையிலுள்ள கங்காசாகரிலிருந்து நடந்தே சென்று, 1990 மே 11 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்.

இப்பயணத்தில் உச்சி என்பது பாதி வழியே. இறங்கிய பின்னும் துடுப்பு வலிக்க வலிமை வேண்டும். படகை ஓத நீர் எட்டாத மேட்டில் இழுத்து வைக்கவேண்டும். சென்னையில் ஓதம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலோ பல மீட்டர். அதை மறந்தால், நாம் மலைமேல் இருக்கும்போது படகு மிதந்து போய்விடும்.

காற்றையும் அறியவேண்டும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் விடியலில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கரையை நோக்கி வீசும். நம் மீனவர் முன்னதில் பாய் விரித்துச் சென்று, பின்னதில் கரை திரும்பினர். கட்டுமரத்தின் இடத்தை இன்று கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துவிட்டன. பாய் விரித்த முதியோரின் காற்றறிவு எழுதி வைக்கப்படாவிட்டால் அவர்களோடே மறைந்துவிடும்.

ஆகவே தோழியரே, நீந்தக் கற்போம். மிதவை அங்கியின்றிப் படகேறோம். உங்கள் தாத்தா கடலோடியாயின், காற்றின் குறிகளை அவரிடம் கேட்டு இவ்வாண்டே ஏட்டில் எழுதுங்கள். வானம் கறுத்தால் உச்சி அருகில் இருந்தாலும் திரும்பிவிடுவதே அறிவுடைமை. மலை அங்கேயே இருக்கும். இன்னொரு நாள் ஏறலாம்.