கீரையும் கனியும்: வழக்கமும் மருத்துவமும்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லை மாறினாலும் சமையல் மாறவில்லை. இன்றும் ஒரு வீட்டில் கீரை மசியலும் அடுத்த வீட்டில் கோங்குரா பப்பும் கொதிக்கின்றன. இரண்டும் நல்லுணவே. ஆயினும் நோயுற்ற காலத்தில் இவையே முதலில் விலக்கப்படுகின்றன.

காரணம், உணவைச் சூடு, குளிர்ச்சி எனப் பிரிக்கும் நம் வழக்கம். சீனரும் இவ்வாறே பிரிப்பர். வேற்று நாடுகளில் குடியேறிய பின்னும் பல குடும்பங்கள் அதனைக் கைவிடுவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனமோ நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகளையேனும் உண்ணுமாறு கூறுகிறது. கிழங்குகள் இக்கணக்கில் சேரா.

வழக்கங்கள் சிலவற்றை ஆராய்வோம்.

சளி: கொய்யாவும் ஆரஞ்சும் சளியை உண்டாக்குவதில்லை; சளிக்குக் காரணம் கிருமிகளே. ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி மிகுதி.

மகப்பேறு: பத்தியம் என்று காய்கனிகளை நீக்கினால் தாய்க்கு மலச்சிக்கல் மிகும். இரத்தசோகை உள்ளவர் கீரையுடன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால், அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

கருவுற்றோர்: பப்பாளிக் காயைத் தவிர்ப்பது முறை. நன்கு பழுத்த பழத்தை அளவோடு உண்ணலாம்.

கிருத்திகை விரதம்: நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு திடீரெனத் தாழலாம், மயக்கமும் நேரலாம். மாலையில் வாழைப்பழமும் வெல்லமும் கலந்த பஞ்சாமிர்தத்தை மிகுதியாக உண்டால் அதே அளவு விரைந்து ஏறும். ஆகவே விரதத்திற்குச் சில நாள் முன்னரே மருத்துவரைக் கேளுங்கள். பிரசாதத்தை ஒரு சிறு கரண்டியளவே கொள்ளுங்கள்.

விலக்க வேண்டியோரும் உளர். சிறுநீரக நோயாளர்க்கு வாழைப்பழமும் இளநீரும் தீங்காகலாம். அவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர் கோங்குரா எனும் புளிச்சகீரையை உண்ணுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போர் கீரையை அறவே விடவும் வேண்டா, திடீரெனக் கூட்டவும் வேண்டா. அளவு ஒரே சீராக இருத்தல் வேண்டும்.

பெரியோர் சொல் அனைத்தையும் தள்ளுமாறு நாம் கூறவில்லை. பருப்புடன் கீரையைச் சேர்த்தது அவர்தம் அறிவே. உங்கள் வீட்டில் எதனை விலக்குகிறீர்கள் என்பதை அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் தயங்காது கூறுங்கள். அதனை அறிந்தால்தான் உங்கள் வழக்கத்திற்கும் நோய்க்கும் பொருந்தும் உணவை அவர் கூற இயலும்.