மரத்தை மரம் பிடிக்கும் கட்டடம்

கேள்வி: ஐயா, நாங்கள் கோலார் தங்கவயல் பாலகாட்டில் இருக்கிறோம். என் தாத்தா சுரங்கத்தில் டிம்பர்மேனாக வேலை பார்த்தவர். 2025இல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போவுக்குப் போன என் மகள், மரத்தாலேயே கட்டிய பெரிய வட்டம் ஒன்றின் மேல் நடந்து பார்த்ததாகச் சொல்கிறாள். பழைய ஜப்பானிய முறையில், ஆணியே அடிக்காமல் மரத்துக்குள் மரத்தைச் செருகிக் கட்டியதாம். அது உண்மைதானா? அவ்வளவு தூரம் எங்களால் போக முடியாது. அப்படிப்பட்ட கட்டடம் நம் பக்கம் இருந்தால் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட ஆசை. எங்கே போகலாம்? எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், பாலகாட்

பதில்: தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். அதற்கு முன் உங்கள் மகள் பார்த்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் அரண்மனையில் கண் எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அந்த வட்டத்தின் பெயர் 'கிராண்ட் ரிங்'. சோ ஃபுஜிமோட்டோ வடிவமைத்தது. சுற்றளவு சுமார் 2 கிலோமீட்டர், அகலம் 30 மீட்டர், வெளி விளிம்பில் உயரம் 20 மீட்டர். உலகின் மிகப் பெரிய மரக் கட்டுமானம் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. தூணில் துளையிட்டு, குறுக்குச் சட்டத்தை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுத்து, மிஞ்சும் இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். 'நுகி' என்று அங்கே இதற்குப் பெயர். ஆனால் இரும்பே கிடையாது என்பது சரியில்லை. இன்றைய நிலநடுக்க விதிகளுக்கு ஈடுகொடுக்க, பொருத்துகளில் உலோகமும் சேர்த்தே கட்டினார்கள். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் நிற்கும் ஹோர்யூஜி கோவிலிலும் கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்பாணிகள் உண்டு. ஆணி உண்டா இல்லையா என்று தேடுவதில் பயனில்லை. எந்த மரம் எந்த மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நுகி முறை புதியதல்ல. நாரா நகரின் தோதாய்ஜி கோவில் 1180இல் போரில் எரிந்தது. திரும்பக் கட்டும் பொறுப்பை ஏற்ற சோகென் என்ற துறவி, சீனத்திலிருந்து கற்ற முறையில் நுகியைத் தாராளமாகப் பயன்படுத்தினார். 1199இல் எழுப்பிய தெற்கு வாயில் இன்றும் நிற்கிறது. நிலம் ஆடும்போது தூண் சாயப் பார்க்கும். சட்டம் துளைக்குள் அழுந்தும். மரம் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். ஆட்டத்தின் வேகம் அந்த நசுங்கலில் செலவாகிவிடுகிறது. ஆப்பு தளர்ந்தால் மறுபடி அடித்து இறுக்கிக்கொள்ளலாம்.

இதை உங்கள் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். கட்டையை நிறுத்தி, அதற்கும் மேற்பாறைக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்குவது டிம்பர்மேன் அன்றாடம் செய்த வேலை. பாறை இறங்கினால் மரம் முதலில் நெரியும், சத்தம் போடும். விலகிக்கொள்ள ஆட்களுக்கு அந்தச் சத்தமே எச்சரிக்கை. சுரங்கத்தின் ஆழம் கூடி, பாறை திடீரென வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் அதிகமானபோது மரம் மட்டும் போதாமல் கருங்கல்லையும் அடுக்கித் தாங்க வேண்டியிருந்தது. கோவில் கட்டிய தச்சரைக் கொண்டாடும் நாம், பூமிக்கடியில் மரவேலை செய்தவர்களை அந்த வரிசையில் வைத்துப் பேசுவதே இல்லை. வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி பத்மநாபபுரம். திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது. 1600ஐ ஒட்டித் தொடங்கிய கட்டுமானத்தை 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா விரிவாக்கினார். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. உள்ளே போனதும் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கிய பூக்களையும், மூலிகை மரத் துண்டுகளால் செய்த கட்டிலையும், சிரட்டைக்கரி சேர்த்து இழைத்த கறுப்புத் தரையையும் காட்டுவார்கள். எல்லாம் அழகுதான், பாருங்கள். ஆனால் அதோடு நகர்ந்துவிடாதீர்கள். கூட்டம் அடுத்த அறைக்குப் போன பிறகு நின்று, கூரையின் உள்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள்.

கேரளப் பாணிக் கூரையில் கைமரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே மட்டத்தில் துளையிட்டு, அவற்றின் ஊடே ஒரு மரச்சட்டத்தைக் கோத்திருப்பார்கள். 'வளை' என்பார்கள். ஒசாகாவில் தூண்களை ஊடுருவிப் போகும் சட்டம், இங்கே கைமரங்களை ஊடுருவிப் போகிறது. அங்கே பயம் நிலநடுக்கம். பக்கவாட்டில் சாயும் தூணைப் பிடித்தாக வேண்டும். இங்கே பயம் இரண்டு பருவமழையும் காற்றும். தண்ணீர் தங்காமலிருக்கக் கூரை செங்குத்தாகச் சரிய வேண்டும், அந்தச் சரிவின் கைமரங்கள் ஓட்டின் எடையில் விலகவோ புரளவோ கூடாது. இந்த அரண்மனையின் அருமை எனக்கு இதில்தான் தெரிகிறது. செதுக்கு வேலைக்கு அடுத்த இடம்தான் தருவேன்.

தாய்க்கொட்டாரம் இங்கே மிகப் பழைய பகுதி. அங்கே நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் இறங்கும் மூலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூலைக் கைமரத்தில் மற்றவை வந்து சேரும் ஒவ்வொன்றுக்கும் வெட்டுக் கோணம் வேறு. தச்சர் அதைக் கட்டடம் ஏறுமுன் தரையிலேயே கணக்குப் போட்டு வெட்டியாக வேண்டும். தூண் மண்ணில் நிற்கிறதா, கல்லில் நிற்கிறதா என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறாமல் மரத்தைக் காப்பதில் ஜப்பானியத் தச்சரும் நம்மவரும் ஒரே வழியில்தான் போயிருக்கிறார்கள்.

கிராண்ட் ரிங்கில் சுமார் 200 மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிரிப்பதென்று முடிவாகிவிட்டது. முழு வட்டத்தையும் சுற்றிவந்த உங்கள் மகள் கொடுத்துவைத்தவர். அவர் எடுத்த படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். தூணையும் கைமரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

மாரிக்குப்பம் ரயிலில் பங்காரப்பேட்டை போனால், பெங்களூரிலிருந்து வரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். நாகர்கோவிலில் இறங்கினால் தக்கலைக்குப் பஸ் நிறைய. செருப்பை வெளியே விட வேண்டும். படிகள் குறுகலும் செங்குத்துமாக இருக்கும், வாசல்களும் தாழ்வு, பெரியவர்கள் நிதானமாக ஏறட்டும். காலை 9 மணிக்குத் திறந்ததும் போனால் கூட்டம் குறைவு. திங்கட்கிழமை விடுமுறை.