சோப்பு ஏஜென்ஸியிலிருந்து நிதி அமைச்சகத்துக்கு

வியாபாரத்தில் ஜெயித்தவர் அரசியலுக்கோ அரசுப் பதவிக்கோ தாவினால், முதல் வாரமே "நான் கம்பெனியில் இப்படித்தான் செய்வேன்" என்று ஆரம்பித்துவிடுவார். தாவும் எண்ணம் உங்களுக்கும் இருந்தால், டி.டி. கிருஷ்ணமாச்சாரியை ஒருமுறை புரட்டிவிட்டுப் போங்கள்.

1928-ல் சென்னையில் அவர் தொடங்கியது ஏஜென்ஸி தொழில். சன்லைட் சோப்பு, ஓவல்டின், வாட்டர்மேன் பேனா என்று அடுத்தவர் சரக்கைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலை. 1937-ல் சுயேச்சையாகச் சென்னை சட்டமன்றம், பிறகு காங்கிரஸ். 1952-ல் நேருவின் வணிக, தொழில்துறை அமைச்சர், 1956-ல் நிதி. கம்பெனியை மகன் பார்த்துக்கொண்டார். பதவிக்குப் போகிறவர் முதலில் முடிக்கவேண்டிய காரியம் இது. பலர் கடைசிவரை தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

வியாபாரி பழக்கம் ஒன்று டெல்லியிலும் செல்லுபடியானது: யார் உழைத்தார் என்ற கணக்கை நேராகச் சொல்வது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று பட்டியல் போட்டுச் சொன்னார். உங்கள் மீட்டிங்கிலும் உழைத்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பைசா செலவில்லை.

செல்லாத பழக்கம், வாய்வார்த்தை. கடையில் "சரி, பார்த்துக்குங்க" என்றால் லாரி கிளம்பிவிடும். அரசாங்கத்தில் அது மாட்டிவிடும். 1957-ல் அவருடைய அமைச்சகத்தின் கீழிருந்த எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்குகள் வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. மக்களவையில் பிடித்து உலுக்கியவர் ஆளுங்கட்சியின் ஃபெரோஸ் காந்தி, அதாவது பிரதமரின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். அமைச்சருக்குத் தெரியும் என்றது அதிகாரிகள் தரப்பு. நான் ஒப்புதல் தரவில்லை என்றார் டி.டி.கே. நிதித் துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்று முடித்தார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா.

அவர் ஒரு பைசா எடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் நாற்காலி போயிற்று. சொந்தக் கம்பெனியில் மேனேஜர் தப்பு செய்தால் மேனேஜரை மாற்றலாம்; அரசாங்கத்தில் தப்பு மேலே ஏறி வரும். அதனால் காரிடாரில் பேசி முடித்த விஷயத்துக்கு, அன்று மாலையே இரண்டு வரி மெயில்: என்ன பேசினோம், நான் எதற்குச் சரி சொன்னேன், எதற்குச் சொல்லவில்லை. மூன்றாவது விஷயம்தான் முக்கியம். எல்லோரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

டி.டி.கே.வை 1963-ல் நேரு அதே நிதித் துறைக்கு மறுபடி அழைத்தார். யூனிட் டிரஸ்டும் ஐ.டி.பி.ஐ.யும் 1964-ல் வந்தது அந்த இரண்டாவது சுற்றில்தான்.