ஆங்கில வினைக்கு வீட்டுத் தமிழே துணை

ஆங்கிலம் நன்றாக வரவேண்டுமானால் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று டில்லியில் வாழும் நம் பெற்றோர்களுக்குச் சிலர் அறிவுரை கூறுகிறார்கள். நம் குழந்தைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் நான் இதை ஏற்பதில்லை. சரியான வினை வடிவத்தைத் தேர்ந்தெடுக்கத் தமிழ் பல இடங்களில் நேராக வழிகாட்டுகிறது. தடுமாற வைக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

1. 'டிட் நாட்' வந்தால்

'ஹி டிட் நாட் வென்ட்' என்பது பிள்ளைகளின் நோட்டுகளில் நான் அடிக்கடி காணும் பிழை. இந்தியில் 'கயா' என்பது எதிர்மறையிலும் 'நஹீன் கயா' என்றே நிற்கும், வினை மாறாது. இந்தியில் நினைத்து எழுதும் பிள்ளை 'வென்ட்' என்பதையும் மாற்றாமல் விட்டுவிடுகிறது.

தமிழில் 'போனான்' என்பது 'போகவில்லை' ஆகிறது. 'போனான் இல்லை' என்று நாம் பேசுவதில்லை. இறந்தகாலம் காட்டும் பகுதி நீங்கிவிடுகிறது. ஆங்கிலமும் அப்படித்தான். காலத்தை 'டிட்' ஏற்றுக்கொள்கிறது. வினை மூல வடிவத்துக்குத் திரும்புகிறது. ஆகவே, 'ஹி டிட் நாட் கோ'.

கேள்வியில் மட்டும் கவனம் தேவை. 'போனானா?' என்னும்போது தமிழில் காலம் வினையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அங்கும் 'டிட் ஹி கோ?' என்பதே சரி.

2. ஒருமையா, பன்மையா?

'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்பதற்குப் பின் 'ஹேஸ்' வருமா, 'ஹேவ்' வருமா? பக்கத்தில் 'பாய்ஸ்' நிற்பதால் குழப்பம். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'பையன்களில் ஒருவன் வந்திருக்கிறான்.' விகுதி ஒருமை. எனவே 'ஹேஸ் கம்'.

3. 'ஐ ஆம் நோயிங்' சரியா?

'எனக்குத் தெரியும்' என்கிறோம். 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்பதில்லை. ஆங்கிலத்திலும் 'ஐ நோ' போதும்.

4. தமிழ் தடுமாற வைக்கும் இடம்

'பத்து வருடமாக டில்லியில் இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். இந்தியிலும் அப்படியே. முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதை ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் இன் டெல்லி ஃபார் டென் இயர்ஸ்' என்று சொல்லவேண்டும். கால அளவுக்கு 'ஃபார்'. தொடங்கிய ஆண்டைச் சொன்னால் 'ஸின்ஸ் 2015'.

'அப்பா நேற்றே வந்திருக்கிறார்' என்பது தமிழில் சரி. ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' இருந்தால் 'ஹேஸ் கம்' கூடாது. 'கேம்' என்றே எழுதவேண்டும்.

பயிற்சி: சரியானதைத் தேர்ந்தெடுக்க

அ. ஷி டிட் நாட் — ஈட் / ஏட்.
ஆ. ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் — ஹேவ் / ஹேஸ் — எ டாக்.
இ. ஐ — நோ / ஆம் நோயிங் — ஹிம்.
ஈ. வி — ஆர் / ஹேவ் பீன் — ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.

விடைகள்: அ. ஈட், ஆ. ஹேஸ், இ. நோ, ஈ. ஹேவ் பீன்.

விடையைச் சொல்லிக்கொடுக்கும் முன், அந்த வாக்கியத்தைப் பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முதல் மூன்றில் வழி பிறக்கும்; நான்காவதில் வேறுபாடு புரியும். தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இந்தத் துணை கிடைக்காது. ஆகவே வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்திலாவது தமிழிலேயே பேசுங்கள்.