மருந்து அடிப்பவரின் நரம்பில் நடப்பது என்ன?



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடிக்கும் காலத்தில் நம்மில் பலர் கூலிக்கு டேங்க் தூக்குகிறோம். 2017-இல் இப்பகுதியில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் உயிரிழந்தார்கள். அந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்று இம்மாதம் அறிந்துகொள்வோம்.

“கையை மடக்கு” என்ற மூளையின் கட்டளை மின்துடிப்பாக நரம்பில் ஓடுகிறது. வேகமான நரம்புகளில் அது விநாடிக்கு 100 மீட்டர் வரை செல்லும். ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை; நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது பட்டதும் தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுவதால் தசை தளர்கிறது. அல்லாஹ்வின் ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது!

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. பூச்சி சாவது இதனால்தான். மனிதனுக்கும் அதே நொதிதான். அது முடங்கினால், போட்ட சுவிட்சை அணைக்க முடியாத நிலை. கண்ணீர், எச்சில், வியர்வை பெருகும். கண்ணின் பாப்பா சுருங்கும். வாந்தி, பேதி, தசைத் துடிப்பு வரும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும்.

முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்கிறோம். மருந்து தோல் வழியாகவும் இறங்கும். முதுகில் ஒழுகும் டேங்க், நனைந்த சட்டை, வெறுங்கால் எல்லாமே ஆபத்து. நொதி மீண்டும் ஊறப் பல நாட்கள் ஆகும். ஆகவே தினமும் அடிப்பவருக்குப் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, பூட்ஸ் அணியுங்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே சாப்பிடுங்கள்.

மேற்சொன்ன அறிகுறிகள் கண்டால், “வெயில் மயக்கம்” என்று படுக்க வைக்காதீர்கள். உடையைக் கழற்றி, உடலைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை அணிய வேண்டும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். அட்ரோபின் ஊசி உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு, இன்ஷா அல்லாஹ்.

ஒரு நாள் கூலிக்காக, அல்லாஹ் தந்த அமானிதமான உடலை இழக்க வேண்டாம். படிக்கத் தெரியாத சகோதரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.