100 வோல்ற்று அம்பிளிபயரை நம் ஊர் மின்சாரத்துக்குப் பொருத்துவது எப்படி?

மண்சரிவினாலும் வேறு காரணங்களினாலும் நிலத்தையும் வீட்டையும் இழந்து புதிய குடியிருப்புகளுக்கு வந்திருக்கும் குடும்பங்கள் புதிய பிழைப்பு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது. கல்யாண வீடு, மரண வீடு, கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவற்றில் ஒன்று. நிலம் தேவையில்லை, ஓர் அம்பிளிபயரும் இரண்டு புனல்களும் ஒரு மைக்கும் இருந்தால் தொடங்கலாம். புதிய கருவிக்குப் பணம் போதாதபோது, கொழும்பு புறக்கோட்டையிலும் மற்ற நகரங்களிலும் விற்கப்படும் பாவித்த ஜப்பானியக் கருவிகளையே பலரும் நாடுகிறார்கள். விலை குறைவு, தரம் நல்லது. ஆனால் அவற்றில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. நம்முடையது 230 வோல்ற்று. இதை அறியாமல் செருகினால், பல மாதச் சேமிப்பு சில நொடிகளில் புகையாகிவிடும். ஆகவே இந்தப் பாடத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

வோல்ற்று என்றால் என்ன?

தோட்டத்துப் பீலியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி மலையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறது. மின்சாரத்தில் அந்த அழுத்தமே வோல்ற்று. குழாய் வழியே ஓடும் தண்ணீரின் அளவு அம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது ஏறத்தாழ வாற்று, அதாவது கருவி எடுக்கும் வலு. தாழ்ந்த தொட்டிக்கென்று போட்ட மெல்லிய குழாயை இரண்டு மடங்குக்கு மேல் உயரமான தொட்டியில் இணைத்தால் குழாய் வெடிக்கும். 100 வோல்ற்றுக் கருவியை 230 வோல்ற்றில் செருகுவதும் அப்படித்தான்.

கருவிக்குள் நடப்பது இது. அம்பிளிபயருக்குள் மின்சாரம் முதலில் மின்மாற்றிக்குச் செல்கிறது. இரும்புத் தகடுகளின் மேல் இரண்டு கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். மின்சாரம் நுழைவது முதற்சுருள்; கருவிக்கு வேண்டிய குறைந்த அழுத்தம் வெளிவருவது துணைச்சுருள். முதற்சுருளில் 2.3 மடங்கு அழுத்தம் ஏறினால் இரும்பு தாங்கக்கூடிய காந்தத்தின் எல்லை தாண்டிவிடும். அப்போது மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகி, உருகி எரியாவிட்டால் சுருளே எரியும். துணைச்சுருளிலும் அழுத்தம் அதே மடங்கில் கூடும். 40 வோல்ற்று வர வேண்டிய இடத்தில் 92 வோல்ற்று வந்தால், 50 வோல்ற்றுக்கென்று செய்யப்பட்ட கொள்ளளவிகள் வெடித்துவிடும்.

முதற்படி: பின்பக்கத்தை வாசித்தல்

வாங்குமுன் கருவியின் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். நான்கு வகைகளைக் காணலாம்.

1. "100–240" என்று ஒரே கோட்டில் எழுதியிருப்பது. இது எந்த நாட்டு மின்சாரத்தையும் தானாக ஏற்கும். செருகியை மட்டும் மாற்றினால் போதும்.

2. சிறு ஆளியோ திருப்பும் தெரிவியோ உள்ளது. 1970களில் ஏற்றுமதிக்கென்று செய்யப்பட்ட ஜப்பானிய அம்பிளிபயர்கள் பலவற்றில் இதைக் காணலாம். 220, 240 இரண்டும் இருந்தால் 240ஐத் தெரிவு செய்யுங்கள். நம் நாட்டில் 230 என்பது 244 வரை ஏறலாம். 220இல் வைத்தால் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகிவிடும்.

3. வெளியே "100" என்று மட்டும் எழுதியிருந்தாலும், உள்ளே பல நாடுகளுக்கான மின்மாற்றி உள்ளது. இதைத் திறந்து பார்த்தே அறியலாம். இதை மாற்ற முடியும்.

4. 100 வோல்ற்றுக்கு மட்டுமான மின்மாற்றி உள்ளது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்தவை பெரும்பாலும் இவ்வகையே. உள்ளே மாற்ற எதுவும் இல்லை. வெளியே ஒரு குறைப்பு மின்மாற்றி வைக்க வேண்டும். அல்லது உள்ளிருக்கும் மின்மாற்றியையே மாற்ற வேண்டும்.

மீடிறனையும் பாருங்கள். ஜப்பானில் கிழக்கில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60 ஹேர்ட்ஸ் என்று இரு வகை உண்டு. அதனால் அந்நாட்டுக் கருவிகளில் "50/60" என்று எழுதியிருக்கும். நம் 50 ஹேர்ட்ஸில் பிரச்சினை இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கருவியில் "120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால் கவனம் தேவை. 50 ஹேர்ட்ஸில் அதன் இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு அதிகமான காந்தம் ஏறி மின்மாற்றி சூடாகும். அப்படிப்பட்ட கருவிக்கு 120க்குப் பதில் 100 வோல்ற்றுக் கொடுப்பது பாதுகாப்பானது. ஒலி சற்றுக் குறையும்; கருவி நிலைக்கும்.

குறைப்பு மின்மாற்றியை வாங்குதல்

நம்மில் பெரும்பாலோருக்கு ஏற்ற வழி இதுவே. கருவியைத் திறக்க வேண்டியதில்லை. வாங்கும்போது நான்கு விடயங்களைப் பாருங்கள்.

அழுத்தம்: "110" என்று எழுதியதை 100 வோல்ற்றுக் கருவிக்கு வாங்காதீர்கள். சுவரில் 244 வோல்ற்று இருக்கும் நேரத்தில் அது ஏறத்தாழ 117 வோல்ற்றைத் தரும். "230–100" என்று எழுதியதையே கேளுங்கள்.

வலு: கருவியின் பின்னால் 150 வாற்று என்று இருந்தால், அதன் ஒன்றரை மடங்கு 225. ஆகவே 250 அல்லது 300 வோல்ற்று-அம்பியர் மின்மாற்றி வேண்டும். பெட்டியில் "1000 வாற்று" என்று எழுதிவிட்டுக் கையில் எடுத்தால் பஞ்சு போல இருப்பதை நம்பாதீர்கள். இரும்பும் செம்பும் பாரமானவை. நேர்மையான மின்மாற்றி பாரமாகவே இருக்கும்.

வகை: இரு சுருள்களும் தனித்தனியாக உள்ளவை ஒரு வகை. ஒரே சுருளிலிருந்து இடையில் கம்பி எடுத்தவை மற்றொரு வகை. இரண்டாவது மலிவு, ஆனால் சுவர் மின்சாரத்துக்கும் கருவிக்கும் இடையே பிரிவு இல்லை. உள்ளே ஒரு கம்பி அறுந்தால் முழு 230 வோல்ற்றும் கருவிக்குள் செல்லக்கூடும். மழையிலும் திறந்த வெளியிலும் பாவிக்கும் நமக்கு இரு சுருள் வகையே நல்லது.

ஏமாற்று வழி: தலைமுடி உலர்த்தி போன்ற சூட்டுக் கருவிகளுக்கென்று விற்கப்படும் பாரமற்ற சிறு மின்னணுப் பெட்டிகள் அம்பிளிபயருக்கு உதவா. இரண்டு 100 வோல்ற்றுக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 200 ஆகிவிடும் என்று கணக்குப் போடுவோரும் உண்டு. ஒன்றில் ஒலி கூடும்போது மற்றதன் மேல் அழுத்தம் தாவும். முடிவில் இரண்டும் போகும்.

உள்ளே மாற்றுதல்: பயிற்சி பெற்றவருக்கு மட்டும்

பின்வருவதை வானொலி திருத்தும் தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டும். மற்றவர்கள் இதை அறிந்திருப்பது, செய்பவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்காக.

முதலில் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது; செருகியைக் கழற்றுங்கள். கொள்ளளவிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பத்து நிமிடமாவது பொறுத்து, மீற்றரால் அளந்து, வெறுமையாகிவிட்டதை உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும்.

பல நாடுகளுக்கான மின்மாற்றிகள் சிலவற்றில் முதற்சுருளிலிருந்து 0, 100, 120, 220, 240 என்று கம்பிகள் வரும். 100இல் உள்ள இணைப்பை 240க்கு மாற்றினால் போதும். வேறு சிலவற்றில் ஒரே அளவான இரண்டு முதற்சுருள்கள், ஒவ்வொன்றும் 115 அல்லது 120 வோல்ற்றுக்கு, இருக்கும். குறைந்த அழுத்தத்துக்கு அவை பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டிருக்கும். 230க்கு அவற்றைத் தொடராக இணைக்க வேண்டும். முதற்சுருளின் முடிவை இரண்டாம் சுருளின் தொடக்கத்தோடு சேர்த்து, மீதி இரு முனைகளுக்கும் மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் பெரும் தவறு நேரும். ஒரு சுருள் தலைகீழாக இணைந்தால், ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். மின்னோட்டத்தைத் தடுக்க எதுவும் இராது. உருகி உடனே போகும். கம்பிகளின் நிறத்தை நம்ப முடியாது. கம்பனிக்குக் கம்பனி அது வேறுபடும். ஆகவே சோதிக்க வேண்டும். இரு முதற்சுருள்களையும் மற்றக் கம்பிகளிலிருந்து பிரித்து, ஒரு சிறு மின்மாற்றியிலிருந்து 12 வோல்ற்று ஆடலோட்டத்தை ஒரு சுருளுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டையும் தொடராக இணைத்து வெளி முனைகளை அளந்தால் 24 வரவேண்டும். 0 வந்தால் ஒரு சுருளைத் திருப்புங்கள்.

அழுத்தம் இரு மடங்கானால் மின்னோட்டம் பாதியாகும். ஆகவே 3 அம்பியர் உருகி இருந்த இடத்தில், அதே வகையைச் சேர்ந்த 1.5 அம்பியர் உருகி வரவேண்டும். பழையதை விட்டால் அது காவலாக இராது.

இதோடு வேலை முடிந்துவிடாது. பலர் மறக்கும் நான்கு இடங்கள் உண்டு:

• பின்பக்கத்திலுள்ள துணை மின் குதைகள். மாற்றிய பின் அவற்றில் 230 வரும். அதில் இன்னொரு 100 வோல்ற்றுக் கருவியைச் செருகினால் அது எரியும். கம்பிகளைக் கழற்றி அவற்றை மூடிவிடுங்கள்.

• தூரக் கட்டுப்படுத்தி உள்ள கருவிகளில் இரண்டாவதாக ஒரு சின்ன மின்மாற்றி இருக்கலாம். அதையும் மாற்ற வேண்டும்.

• ஆளிக்குக் குறுக்கே உள்ள சிறு கொள்ளளவி 125 வோல்ற்றுக்கானதாக இருந்தால், சுவர் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்ட 250 வோல்ற்றுக்குக் குறையாத வகையைப் போட வேண்டும்.

• பின்தகட்டில் புதிய அழுத்தத்தைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். நாளை வேறொருவர் கையில் போகும்போது அது அவரைக் காக்கும்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்காதீர்கள். பழைய இழை வகையான 60 வாற்று மின்குமிழ் ஒன்றை உயிர்க்கம்பியில் தொடராக இணைத்துக் கொடுங்கள். ஒலிபெருக்கிகளை இணைக்க வேண்டாம். குமிழ் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே பிழை, உடனே கழற்றுங்கள். அப்போது எரிவது குமிழே தவிர, கருவி அல்ல.

புவிக்கம்பியை மறவாதீர்கள்

ஜப்பானியச் செருகியில் இரண்டு தட்டை முனைகளே உண்டு, புவிக்கம்பி இல்லை. மாற்றும்போது மூன்று கம்பி வடத்தைப் போட்டு, புவிக்கம்பியை உலோகப் பெட்டியோடு இறுக்கமாக இணையுங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் மட்டும், புவிக்கம்பி இல்லாமலே பாவிக்க அக்கருவி அமைக்கப்பட்டது என்று பொருள். லயத்து அறைகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் மின்கசிவுக்கான ட்ரிப் ஆளி உண்டா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்று பாருங்கள். மைக் பிடிக்கும் கை பெரும்பாலும் ஈரமான கை. நிற்கும் இடம் பெரும்பாலும் ஈரமான தரை.

வாடகைக்கு மட்டுமல்ல

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பும் மண்ணுள் புதைந்தது. 2017 மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெரிதும் பாதிக்கப்பட்டது. இவை உங்களில் பலருக்குச் செய்தியல்ல, வாழ்க்கை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 பெய்தால், ஆபத்தான இடத்தை விட்டு வெளியேற வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்தச் செய்தியைக் கடைசி லயம் வரை கொண்டுசெல்வது யார்? கைத்தொலைபேசி இல்லாத முதியவருக்கும், தூங்கும் பிள்ளைகளுக்கும், உயரத்தில் கட்டிய ஒரு புனலின் குரல் எட்டும்.

ஆனால் அப்படிப்பட்ட இரவில் மின்சாரம் முதலில் போய்விடும். ஆகவே குடியிருப்புக்கென்று பொதுவாக ஓர் அம்பிளிபயர் வாங்குவதானால், ஜப்பானிய வீட்டுக் கருவியைவிட, 230 வோல்ற்றிலும் 12 வோல்ற்றுப் பற்றரியிலும் வேலை செய்யும் பொது அறிவிப்புக் கருவியே சிறந்தது. இந்தியாவின் அஹூஜா போன்ற கம்பனிகள் இத்தகையவற்றைச் செய்கின்றன. 5 அம்பியர் இழுக்கும் கருவியை 40 அம்பியர்-மணிப் பற்றரியில், பற்றரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்காமல், 4 மணி நேரம் பாவிக்கலாம். மழைக்காலம் தொடங்குமுன் பற்றரியை நிரப்பி, மாதம் ஒருமுறை பேசிப் பாருங்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டும்போது பொலிசாரின் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் குடியிருப்பில் வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகள் எத்தனை உள்ளன? அவற்றின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

2. பின்பக்கத்தில் 120 வாற்று என்று எழுதிய 100 வோல்ற்று அம்பிளிபயருக்கு எத்தனை வோல்ற்று-அம்பியர் மின்மாற்றி வேண்டும்? (விடை: குறைந்தது 180, கடையில் 200 கேட்கலாம்.)

3. கடும் மழை இரவில் அறிவிப்புச் செய்யும் பொறுப்பு யாருடையது? அவர் இல்லாத நாளில் யார்? பற்றரியும் திறப்பும் எந்த வீட்டில் இருக்கும்?

4. நம் இளைஞர் ஒருவரை மின்னியல் பயிற்சிக்கு அனுப்பினால் குடியிருப்பு முழுவதற்கும் என்ன நன்மை? தொழிற்பயிற்சி அதிகாரசபையின் அருகிலுள்ள நிலையத்தில் விசாரித்து வர யார் முன்வருவார்?

மூன்றாம் கேள்விக்கான விடையைக் கடதாசியில் எழுதி, எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டுங்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம். அதை அடுத்த மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.