நீராடத் தக்க வெம்மை

கோடை கழிந்தபின் நீர் நீந்துதற்கேற்ற வெம்மை உடையதா என்னும் வினா குளிர்நாட்டார்க்கே உரியது எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. திருநகரைச் சூழ்ந்த வெளிகளில் கோடைக் காலத்தே நீந்த விழைவோர்க்குப் பெரும்பாலும் நீர் இல்லை. நீர் பெருகும் ஐப்பசி கார்த்திகையிலோ வெயில் இல்லை. கண்மாய் நிறைந்த நாளில் கரைமேல் நிற்பார், வானத்தையும் காற்றையும் நோக்கி, இறங்குவதா திரும்புவதா என ஐயுறுவர். அவர் ஆராய வேண்டுவது நீரையேயாம்.

நீர் வெப்பத்தை மெல்ல ஏற்று மெல்ல விடும் இயல்பினது. ஒரே கன அளவுள்ள காற்றையும் நீரையும் ஒரு பாகை சூடேற்றுவதாயின், நீருக்கு மூவாயிரம் மடங்கிற்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆதலின் ஒரு மழையில் காற்றுக் குளிர்ந்துவிடினும், ஆழ்ந்த நீர் தன் வெம்மையை எளிதில் இழவாது. இங்கிலீஷ் கால்வாயில் ஞாயிறு உச்சமுறுவது ஜூன் மாதம். கடல்நீர் மிக வெதுவெதுப்பது ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில். அக்கால்வாயை முதன்முதல் நீந்திக் கடந்த இந்தியராகிய மிகிர் சென் அதனைக் கடந்ததும் 1958 செப்டம்பர் 27ஆம் நாளே.

நம் கிணறுகளோ இன்னும் வியப்புடையன. சுமார் பத்து மீட்டருக்குக் கீழே மண்ணின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில், அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். மதுரைக்கு அஃது ஏறத்தாழ 28, 29 சென்டிகிரேட் பாகையாம். சித்திரை நண்பகலில் 38 பாகைக் காற்றில் நின்றவனுக்கு அந்நீர் தண்ணென்றிருக்கும். மார்கழி விடியலில் 21 பாகைக் காற்றில் நடுங்கி வந்தவனுக்கு அதுவே வெந்நீர் போலும். மார்கழியில் கிணறு சுடும் என நம் பாட்டிமார் கூறுவது இதனையே. கிணறு மாறவில்லை, நம் தோல்தான் மாறிற்று. எனவே கையை நனைத்துப் பார்த்துத் தீர்ப்பளிப்பது நம்பத் தகாத முறை. வெப்பமானியை இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் ஆழ்த்திப் பார்ப்பதே முறை. நீச்சற் போட்டிக் குளங்களுக்கு 25 முதல் 28 பாகை வரை விதித்துள்ளனர். இவ்வெல்லைக்குள் உள்ள நீரை அஞ்ச வேண்டுவதில்லை.

ஆழமற்ற கண்மாய் நீர் இத்தகையதன்று. அது பகலில் சூடேறி இரவில் ஆறும். சூரியோதய வேளையில் மிகக் குளிர்ந்தும், பிற்பகலில் மேற்பரப்பில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். நீந்துவோர் மார்பில் வெம்மையும் காலடியில் குளிரும் உணர்வது இதனாலேயாம். கார்த்திகையில் விடியலில் சென்று நீரைப் பழித்துத் திரும்பியவர், அதே நாள் மூன்று மணிக்கு ஒருமுறை செல்வாராக.

கரையேறியபின் வரும் குளிர் வேறு. ஈர மேனியில் காற்றுப் படுங்கால் நீர் ஆவியாகி உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இம்முறையே. ஆகவே ஆடிக் காற்றில் நடுங்கியவன் நீரைக் குறை கூறலாகாது. துவட்டத் துண்டு கொண்டுவராமையே குறை. நீரினுள்ளேயே நடுக்கம் கண்டால் அக்கணமே ஏறிவிடல் வேண்டும். காற்றினும் நீர் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதாதலின், 25 பாகை நீரும் நெடுநேரத்தில் உடலைத் தளர்த்தும். தளர்ந்த கை நீந்தாது.

வெம்மை போதியதாயினும், புதுநீர் நிறைந்த கண்மாயில் உடனே பாய்தல் கூடாது. கோடையில் வண்டல் வெட்டிய பள்ளங்கள் கலங்கல் நீருள் மறைந்து கிடக்கும். அவ்விடமறிந்த ஊரார் ஒருவர் முன்செல்ல, கழிவுநீர் கலவாத துறையில், நடந்து இறங்குக.